செவலைக்கு ஒரு முதுகுச் சட்டை

முத்தையாபுரத்தில் எங்கள் தெருவில் முத்துக்கனி அக்காவிடம் ஜாக்கெட் தைக்காத பெண்கள் குறைவு. தையல் அத்தனை சுத்தம். ஆனால் சொன்ன தேதியில் ஒருநாளும் கைக்கு வராது. கேட்கப் போனால் முன்னறையில் மிஷின் சும்மா கிடக்கும். அக்கா புறவாசலில் கோழிகளோடு பேசிக்கொண்டிருப்பாள். அவள் வீட்டுக்காரர் மாசானம் துறைமுகத்திலிருந்து டிரெய்லர் ஓட்டுகிறவர். லோடு ஏற்றிக் கிளம்பினால் திரும்பி வர ஒரு வாரமாகும். பிள்ளைகள் இல்லை. மூன்று பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும்தான் அந்த வீட்டுச் சத்தம்.

சேவல் மாசானத்தின் செல்லம். உடன்குடிப் பக்கம் குஞ்சாக வாங்கி, கேபினில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. 'துரை' என்று பேர் வைத்திருந்தார். அக்காவுக்கு உயிர், செவலை என்கிற பெட்டை. மிஷின் ஓடும்போது காலடியில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளைக் கிளறிக்கொண்டிருக்கும்.

போன ஆவணியில் செவலையின் முதுகில் இறகு கொட்ட ஆரம்பித்தது. பழைய இறகு உதிர்ந்து புதிசு முளைக்கும் என்று அக்கா முதலில் பேசாமல் இருந்தாள். புதிசு வரவில்லை. முதுகு வெறும் தோலாகிச் சிவந்து புண்ணானது. மற்ற இரண்டு பெட்டைகளும் அந்தப் புண்ணையே கொத்தத் தொடங்கின.

அடுத்த வீட்டு ஞானசௌந்தரி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "செள்ளுப்பூச்சி பிடிச்சிருக்குளா. வேப்பெண்ணெயத் தடவு" என்றாள். அக்கா தடவினாள், கூட்டைக் கழுவிச் சாம்பலும் தூவினாள். எண்ணெய் வழிய நின்ற செவலை இன்னும் பரிதாபமாகத் தெரிந்ததே தவிர, ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் அதைக் கூடையில் வைத்து டவுன் பஸ்ஸில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் விஜிலா இறகை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"செள்ளு இல்லக்கா. பாருங்க, இறகு ஒடிஞ்சும் பிடுங்கியும் கெடக்கு. அதுவும் முதுகுல மட்டும். வீட்டுல சேவல் நிக்கா?"

"நிக்கு டாக்டரம்மா. பெட்டை மூணு."

டாக்டர் சிரித்துவிட்டார். "மூணுதானா? ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டையாவது வேணும். அதான், எப்பவும் இந்தப் பிள்ள மேலயே ஏறி மிதிச்சிருக்கு. நகம் பட்டு எல்லாம் போயிட்டு. கொஞ்ச நாளைக்குச் சேவலப் பிரிச்சு வையுங்க. மீன்தலைய உப்பில்லாம அவிச்சுப் போடுங்க. இறகு முளைக்கச் சத்து வேணும்லா."

புண்ணுக்கு மருந்து போட்டு, துரையைப் பஞ்சாரக் கூடைக்குள் அடைத்தாள் அக்கா. அது பகலெல்லாம் கத்தித் தீர்த்தது. புண் காய்ந்துவந்த நேரத்தில் பெங்களூர் போய்விட்டு வந்த மாசானம், செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டார்.

"ஏளா, அவன் என்ன களவா எடுத்தான்? ஜெயில்ல போட்டிருக்க?"

அக்கா செவலையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். அவர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு வலிச்சிருக்குமோ?"

"தோல் உரிஞ்சா வலிக்காதா?"

"பாவந்தான். ஆனாலும் அவன அடைச்சே போட்டா ஏங்கிப் போவாம்ளா."

அக்காவுக்குக் கோபம் வந்தது. ஆனால் வாரம் முழுக்கக் கேபினுக்குள் அடைந்து கிடக்கிற மனுஷன் வேறு எப்படிப் பேசுவார் என்றும் தோன்றியது. யோசித்துக்கொண்டே போய் மிஷினில் உட்கார்ந்தாள்.

யூனிபார்ம் தைத்து மிஞ்சிய காக்கித் துணியில், முதுகை மூடுகிற மாதிரி ஒரு துண்டு. இரண்டு சிறகையும் நுழைக்க எலாஸ்டிக் வளையங்கள். முதல் சட்டை நழுவி வயிற்றுக்கு வந்துவிட்டது. இரண்டாவதை மாட்டியதும் செவலை பின்பக்கமாகவே நடந்துபோய்த் துவைகல்லில் முட்டி நின்றது.

"ஏளா, ரிவர்ஸ் கியர்ல போவுது!" என்று மாசானம் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூன்றாவதற்கு அவரே செவலையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகள் அந்தச் சிறகை அத்தனை பதமாகத் தூக்கிப் பிடித்திருந்தன. "இங்கன கொஞ்சம் எளக்கமா விடு. சிறகு மடங்குத எடத்துல இறுக்குது" என்றார். அவர் சொன்ன இடத்தில் பிரித்துத் தைத்தாள். செவலை நாலு எட்டு முன்னால் வைத்தது. உடம்பைச் சிலிர்த்துவிட்டு மண்ணைக் கிளறப் போய்விட்டது. துரை ஏறி இறங்கியும் தோலில் ஒரு கீறல் இல்லை. இருந்தாலும், மறுபடி லோடு எடுக்குமுன் மாசானம் பழைய மீன்வலை வாங்கிவந்து வேலியோரம் ஓர் அடைப்புக் கட்டினார். பகலில் பாதி நேரம் துரை அதற்குள் உலாவட்டும் என்றார்.

அதுவரை வண்டியிலிருந்து போன் செய்தால் "சாப்பிட்டியளா", "சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துவிடும். இப்போது தினமும் வீடியோவில் வந்தார். "சட்டையத் தூக்கிக் காட்டு. முளைச்சிட்டா?" அக்காவும் செவலையை மடியில் வைத்துக் காட்டுவாள். பேச்சு அங்கே தொடங்கி எங்கெங்கோ போகும். எதிரே ஜாக்கெட்டுக்குக் காத்து நிற்கிற எங்களை இருவருமே மறந்துவிடுவார்கள்.

ஐப்பசி மழையில் முதுகெல்லாம் சின்னச் சின்ன முளை தட்டியது. கார்த்திகையில் ஒரு காலை அக்கா சட்டையைக் கழற்றியே விட்டாள். புது இறகு பளபளவென்று முதுகை மூடிக் கிடந்தது. போனில் பார்த்த மாசானம், கிருஷ்ணகிரிப் பக்கம் டீக்கடையில் பக்கத்தில் நின்ற டிரைவரை இழுத்து, "இங்கன பாரும்வே, எங்க வீட்டுக் கோழி" என்று போனை நீட்டினார். அந்த டிரைவர் எந்த ஊர்க்காரரோ. செவலையை நன்றாகப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார்.