வீட்டுக்காரருக்கு வெள்ளை உடுப்பு

இந்த நாட்டில் பேஸ்போல் அணியின் மனேஜரும் ஆட்டக்காரருடைய உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் மைதானத்துக்கு வருகிறார். எங்கள் பக்கத்தில் மனேஜர் என்றால் சட்டைப்பையில் பேனாவும் முகத்தில் சலிப்புமாக வங்கியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருப்பவர். கிரிக்கெட் அணியின் மனேஜர் என்றால் பயணப் பெட்டிகள் வந்து சேர்ந்தனவா என்று எண்ணிப் பார்ப்பவர். இங்கேயோ பேரப்பிள்ளை கண்ட வயதிலும் காற்சட்டையை இறுக்கிக் கட்டி, முதுகில் இலக்கம் தைத்து, ஆட்டம் முடியும்வரை மைதான ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஓடுவதில்லை, அடிப்பதில்லை. ஆனால் அணி தோற்றால் முதலில் மாற்றச் சொல்வது அவர்களைத்தான். இதைக் கண்டபோது எனக்கு எங்கள் சமூகத்துக் கல்யாணத் தரகர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அது காரணமில்லாமல் வந்த ஞாபகம் அல்ல.

அப்போது மொன்றியலில் ஒரு பேஸ்போல் அணி இருந்தது. இருந்தது என்று சொல்வதே பெருந்தன்மை. அதற்குத் தனி முதலாளி கிடையாது. மற்ற அணிகளெல்லாம் சேர்ந்து அதை வாங்கி வைத்திருந்தன. அதாவது யாரோடு மோதியதோ அவர்களிடமே சம்பளமும் வாங்கியது. சொந்த ஊரில் ஆடவேண்டிய ஆட்டங்களில் ஒரு பங்கை போர்த்தோ ரிக்கோத் தீவில் போய் ஆடியது. அடுத்த வருடம் எந்த ஊரில் இருக்கும் என்று அதற்கே தெரியாது. இப்படி ஓர் அணிக்கு ரசிகர்களாக இருக்க, ஊர்விட்டு ஊர் வந்த எங்கள் ஆட்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

அப்பா டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டும் பதவிவரை உயர்ந்தவர். அங்கே வானொலியில் நாள் முழுவதும் பேஸ்போல்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அப்பாவுக்கு அந்த வானொலிதான் பிரெஞ்சு கற்றுத் தந்தது. அதனால் அவருடைய பிரெஞ்சில் வெங்காயம் உண்டு, கத்தி உண்டு, மனேஜரை மாற்று உண்டு, நட்சத்திர ஆட்டக்காரனை விற்காதே உண்டு. வாடகை, வரி, வைத்தியம் கிடையாது. அவையெல்லாம் என் இலாகா. பதினொரு வயதில் நகரின் வடபகுதியான மொன்றியல் நோருக்கு வந்து இறங்கி, வகுப்பில் முதல் ஆறு மாதம் வாயே திறக்காமல் இருந்து, திறந்த நாளிலிருந்து நான் குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளர். அம்மாவின் மூட்டுவலியை வைத்தியருக்கும், வைத்தியரின் அலுப்பை அம்மாவுக்கும் நான்தான் சொன்னேன். இரண்டையும் கொஞ்சம் பதப்படுத்தித்தான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். பிறகு பல்கலைக்கழகமும் முடித்தேன். பெருமையாகத்தான் சொல்கிறேன், அடக்கத்தை வேறு யாராவது வைத்துக்கொள்ளட்டும்.

சென்ட் ஆன் டி பெல்வ்யூவில் உள்ள பல்கலைக்கழக விவசாய வளாகத்தில் உணவு விஞ்ஞானம் மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்த கோடையில்தான், அப்பாவோடு சமையலறையில் வேலை செய்தும் பிரெஞ்சு ஏறாத, கல்யாணத் தரகும் பார்த்த சிவம் அண்ணை ரொறன்ரோவில் ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தார். பெண் பார்க்க வழக்கமாகக் கோயிலுக்குத்தான் போவார்கள். ஆனால் கோயிலில் சாமியைத் தவிர எல்லோரும் பார்ப்பார்கள். சரிவராவிட்டால் மறுநாள் மொன்றியல் நோர் முழுக்கக் கதை. சிவம் அண்ணை யோசித்தார். உணவக முதலாளி இலவசமாகக் கொடுத்த பேஸ்போல் சீட்டுகள் கையில் இருந்தன. தமிழர் கண் படாத இடம் அந்த மைதானம். உண்மையில் மொன்றியல்காரர் கண்ணும் படாத இடம். ஆட்டம் முடிந்து வரும் விருந்தாளிகளுக்குச் சிற்றுண்டியாக றோல்ஸ் பொரிக்க அம்மா வீட்டில் நின்றுகொண்டார். நானும் அப்பாவும் மெற்றோவில் போய் இறங்கினோம்.

கூரை போட்ட அந்தப் பெரிய கொங்கிரீட் மண்டபத்தில் ஆட்கள் விதை தூவியதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தார்கள். எங்கள் வரிசையில் சிவம் அண்ணை, அப்பா, நான், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாயார். தாயாரை நான் அன்ரி என்று கூப்பிட்டேன். எங்களுக்கு முன் வரிசையில் காதோடு ஒரு சின்ன வானொலியை ஒட்டிக்கொண்டு ஒரு கிழவர், இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர்.

“இதிலை எங்கடை ஆக்கள் ஆர்?” என்று அன்ரி கேட்டார்.

“வெள்ளை உடுப்பு வீட்டுக்காரர், அன்ரி, இந்த ஊர் அணி. சாம்பல் உடுப்பு வெளியூரிலை இருந்து வந்தவை” என்றேன்.

“இதிலை கப்டன் ஆர்?” மாப்பிள்ளை அன்று கேட்ட முதல் கேள்வி. ரொறன்ரோவில் சனிக்கிழமை கிரிக்கெட் ஆடுபவராம்.

“கப்டன் எண்டு ஒருத்தரும் இல்லைத் தம்பி. எல்லாம் மனேஜர்தான்” என்றார் சிவம் அண்ணை, தன்னைப் பற்றிச் சொல்வதுபோல நெஞ்சை நிமிர்த்தி.

அந்த வருடத்தோடு எங்கள் நட்சத்திர ஆட்டக்காரரின் ஒப்பந்தம் முடிகிறது. அதன் பிறகு அவர் விரும்பிய அணிக்குப் போகலாம். வானொலியில், மெற்றோவில், சமையலறையில் எங்கும் அதே வழக்குத்தான். நிற்பானா, போவானா? போனால் நன்றி கெட்டவன். ஒரு சீட்டுக்கூட வாங்காதவர்கள்தான் விசுவாசத்தைப் பற்றி உரக்கப் பேசினார்கள். அந்த மனிதரோ வேறு மொழிக்காரர். தொலைக்காட்சியில் அவர் நீளமாக ஏதோ சொல்வார், பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அதை ஒரே வசனத்தில் முடிப்பார். மிச்சம் எங்கே போனது என்று நான் யோசிப்பேன். தொழில் தெரிந்தவளுக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும்.

மைதானத்தில் அதே வழக்கு எங்கள் வரிசையிலும் தொடங்கியது. ஆள் மட்டும் நான்.

“தை மாசம் கலியாணம். உடனை ரொறன்ரோ வந்திடலாம்” என்றார் அன்ரி.

“அவவுக்குப் படிக்க இடம் கிடைச்சிருக்கு. ரெண்டு வருசம்” என்றார் அப்பா, ஆடுகளத்தைப் பார்த்தபடியே.

“என்ன படிப்பு?”

“பால் பதனிடுறது பற்றி, அன்ரி” என்றேன்.

“பால் காய்ச்ச ரெண்டு வருசமோ? அங்கை வந்து பேந்து படிக்கலாம் பிள்ளை.”

எங்கள் பேச்சில் பேந்து என்றால் பிறகு. நான் அறிந்த பெண்கள் பலருக்கு அந்தப் பேந்து இன்னும் வந்து சேரவில்லை. பேந்து பியானோ, பேந்து பல்கலைக்கழகம், பேந்து கார் ஓட்டப் பழகுதல். என் பெரியம்மாவின் மகள் பேந்து படிக்கத்தான் போனாள். இப்போது மூன்று பிள்ளைகளைக் காலையில் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, தொழிற்சாலையில் காலுறை மடிக்கிறாள்.

“இந்தச் சம்பந்தத்தை இப்ப விட்டா பிள்ளைக்கு இப்பிடி ஒரு இடம் பேந்து கிடையாது அண்ணை” என்று சிவம் அண்ணை குரலை உயர்த்தினார். அப்பா ஏதோ முணுமுணுத்தார். அன்ரி விரல்களை மடக்கித் தை வரையான மாதங்களை எண்ணினார். மாப்பிள்ளை தன் தொலைபேசியைத் திறந்து மூடினார். சத்தம் கேட்டுக் கிழவர் வானொலியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினார். என்ன சண்டை என்று பிரெஞ்சில் என்னைக் கேட்டார்.

“வைத்திருப்பதா, போகவிடுவதா என்று” என்றேன் பிரெஞ்சில். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கிழவரின் முகம் மலர்ந்தது. வாழ்நாளெல்லாம் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல அப்படியே முழுதாகத் திரும்பி, எங்கள் ஐந்து பேருக்கும் கையசைத்து உரை நிகழ்த்தினார். அவனை விடவே கூடாது. இன்னும் இரண்டு வருடமாவது இங்கேயே நிற்கவேண்டும். தொடங்கியதை முடிக்கவேண்டும். இவ்வளவு திறமையை வளர்த்து வேறு ஊருக்குத் தாரை வார்ப்பதா? மாற்றவேண்டியது மனேஜரை!

“என்னவாம்?” என்றார் அன்ரி.

“எங்கடை பிரச்சினையைக் கேட்டார் அன்ரி, சொன்னனான்.”

“வெளி ஆளிட்டை ஏன் சொன்னனீ? சரி, என்ன சொல்லுறார்?”

“ரெண்டு வருசம் இஞ்சையே நிக்கட்டாம். தொடங்கினதை முடிக்கட்டாம். இவ்வளவு திறமையை வேறை ஊருக்குக் குடுக்கக் கூடாதாம்.”

சொன்ன பிறகுதான் என் பிழை எனக்கு விளங்கியது. வாடகைக் கடிதமோ வரிக் கடிதமோ என்றால் நான் சொன்னதுதான் வேதம். ஆனால் இது பேஸ்போல். அந்த ஐந்து பேரில் என்னைத் தவிர, கிழவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து விளங்கிக்கொண்ட ஒருவர் என் பக்கத்தில் இருந்தார்.

அன்ரிக்கும் அது தெரிந்திருந்தது. வெள்ளைக்காரன் வாக்கு என்பதால் தட்டிவிடவும் மனமில்லை, என் முகத்தைப் பார்த்து நம்பவும் மனமில்லை. அப்பாவிடம் திரும்பினார். “நீங்கள் பிரெஞ்சுக்காரரோடை வேலை செய்யிறனீங்கள் அண்ணை. உந்த மனிசன் உண்மையாவே அப்பிடிச் சொன்னவரோ?”

அப்பா களத்தைப் பார்த்தார். அங்கே மனேஜர் வாங்கைவிட்டு எழுந்து, பந்து வீசுபவரிடம் மெதுவாக நடந்து போய்க் கையை நீட்டினார். வீசியவர் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டுத் தலை குனிந்து வெளியேறினார். ஆட்டத்திலிருந்து ஒருவரை எடுப்பது இங்கே இப்படித்தான். ஒரு கை, அவ்வளவுதான். எனக்கு அப்பாவின் கைகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவை மடியில் அப்படியே கிடந்தன.

“ஓம்” என்றார் அப்பா. “அப்பிடித்தான் சொன்னவர். இன்னொண்டும் சொன்னவர், பிள்ளை வெக்கத்திலை சொல்லாமல் விட்டிட்டாள். மனேஜரை மாத்தச் சொன்னவர்.”

சிவம் அண்ணை சோளப்பொரியை அள்ளி மென்றார். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அன்று முழுக்க அவர் செய்த ஒரே நல்ல காரியம். அன்ரி றோல்ஸ் சாப்பிடக்கூட வரவில்லை. ஒரு வாரம் நாங்கள் றோல்ஸ் சாப்பிட்டோம். வீட்டுக்கு வரும் வழியில் மெற்றோவில் அப்பா ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். “ஆள் இன்னும் ரெண்டு வருசமாவது எண்டுதான் சொன்னவர். அந்த ‘ஆவது’வை விட்டிட்டாய். கவனமாப் பெயர்க்கவேணும்.”

அந்தக் குளிர்காலத்தில் நட்சத்திரம் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. நன்றி கெட்டவன் என்று வானொலி தீர்ப்பளித்தது. எனக்கு மட்டும் மனதுக்குள் வாழ்த்தத் தோன்றியது. அடுத்த இலையுதிர் காலத்தோடு அணியும் எழும்பி அமெரிக்கத் தலைநகருக்குப் போயிற்று. கிழவர் வைத்திருக்கச் சொன்னவர்களில் நின்றது நான் ஒருத்திதான்.

அணி அப்படிப் போவதற்கு முந்திய வசந்தத்தில் அது போர்த்தோ ரிக்கோவில் ஆடிய ஆட்டமொன்றை அப்பா தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் வேறு மொழியில் கத்தியது. மைதானத்துக்கு வெளியே தென்னை மரம். ஆனாலும் நம்மவர்கள் வெள்ளை உடுப்பில் நின்றார்கள். “அங்கையும் இவங்கள்தான் வீட்டுக்காரராம்” என்று அப்பா சிரித்தார்.

நான் அப்போது சென்ட் ஆன் போகத் தொடங்கியிருந்தேன். மொன்றியலும் ஒரு தீவுதான்; அதன் வடகிழக்கிலிருந்து மேற்கு முனைக்குப் பேருந்து, மெற்றோ, மறுபடி பேருந்து. ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க வெள்ளைக் கோட்டு. என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள்கூட என்னிடம்தான் வழி கேட்பார்கள். மாலையில் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பழைய உடுப்புக் கடையில் வாங்கிய குளிர் அங்கியைப் போட்டுக்கொள்வேன். அது சாம்பல் நிறம், வந்தவர்களின் நிறம். அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன்.