எல், டி, ஆர்

என் நாத்தனார் அபிதகுசாம்பாளுக்கு இங்கிலீஷ் பிடிக்கும். தெரியும் என்று சொல்ல முடியாது. பத்தாம் வகுப்பில் தமிழ்ப் பரீட்சையை எழுதிவிட்டு வந்தார். மறுநாள் இங்கிலீஷ் பரீட்சை, காலையில் அம்மை போட்டுவிட்டது. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. "கணக்கு போனதுல சந்தோசம்தான். இங்கிலீஷ் போனதுதான் பேஜாரா பூட்ச்சி" என்பார்.

தெள்ளாரில் கட்டிக்கொடுத்து, இரண்டே வருடத்தில் ஆரணிக்குத் திரும்பி வந்தவர். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தொண்ணூற்று நாலில் நான் அவர் தம்பி பாலமுருகனைக் கட்டிக்கொண்டு, வேலூர்க் கல்லூரியில் வாங்கிய பி.ஏ. பட்டத்தோடு அந்த வீட்டுக்குப் போனேன். நான் பயந்தபடி அவர் என் சமையலைப் பார்க்கவில்லை. பெட்டியில் என்ன புத்தகம் இருக்கிறது என்று பார்த்தார். அன்றிலிருந்து நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டேன்.

எங்கள் வீட்டில் பட்டுத்தறி. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பேர். ஒரு பாவு நெய்து முடிந்ததும், தறியில் மிச்சமிருக்கும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. நானும் அண்ணியும் பாவின் இரண்டு ஓரத்திலும் எதிரெதிரே உட்கார்ந்து தொடங்குவோம். நடுவில் கை சந்திக்கும்போது வேலை முடியும். அதுவரை ஃபேன் போடக்கூடாது, காற்றில் இழை பறந்துவிடும். சித்திரை, வைகாசியில் அண்ணியின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்த அலுப்பில்தான் விளையாட்டு பிறந்தது. ஒருவர் மூன்று எழுத்து சொல்வார். அந்த மூன்றும் வருகிற ஓர் இங்கிலீஷ் வார்த்தையை மனதில் வைத்திருப்பார். எதிரே இருப்பவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால் நடுவில் கை சந்திக்கும்போது சொன்னவரே வார்த்தையைச் சொல்லிவிடுவார். அதற்கு முன்னால் என்ன கெஞ்சினாலும் சொல்லக்கூடாது.

முதல் நாளே சண்டை வந்தது. மூன்று எழுத்தும் சரியாக வருகிற வார்த்தையை நான் சொன்னேன். அண்ணி தலையை ஆட்டினார்.

"அது இல்ல."

"மூணு எழுத்தும் இருக்குதே அண்ணி."

"இருந்தா? நான் நெனச்சது அது இல்ல. நீ படிச்சவ, உனக்கு ஆயிரம் வரும். எனக்குக் கண்ணால பாத்ததுதான் வரும். நான் பாத்தத நீ சொல்லு."

அது விதியாகிவிட்டது. அண்ணியின் இங்கிலீஷ் முழுவதும் சோப்பு உறையிலும் மாத்திரை அட்டையிலும் கடைப் பலகையிலும் பார்த்தது. பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து உதடு அசையப் படித்துக்கொண்டே வருவார். அதனால் நானும் அவர் பார்த்தவற்றை நினைத்து நினைத்துத்தான் வார்த்தை தேடுவேன். கொஞ்ச நாளில், கடைத்தெருவில் தனியாக நடந்தாலும் அண்ணியின் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்று, வைகாசி. அன்று எழுத்து கொடுப்பது அண்ணியின் முறை.

"எல், டி, ஆர்" என்றார்.

"டெய்லர்."

"அது இல்ல."

"லாட்டரி. டிராவல்ஸ். எலக்ட்ரிகல்ஸ்."

"இன்னாடி, பஸ் ஸ்டாண்டையே வீட்டுக்குள்ள இட்டாந்துகினு இருக்கிற? அது இல்ல."

"ஒரு துப்பு கொடுங்க அண்ணி."

"எங்கண்ணு முன்னாடி இருக்குது. ஜல்தி சொல்லு, வேர்த்து ஊத்துது."

நான் யோசித்துக்கொண்டே முறுக்கினேன். நடுவுக்கு வர இன்னும் ஒரு சாண் இருந்தது. அண்ணி கையை எடுத்து, மார்பை அழுத்திக்கொண்டார். "கொஞ்சம் படுத்துட்டு வரேன். நீ ஏமாத்தி வேற யாரையும் கேக்காத" என்று எழுந்து போனார்.

படுத்தவர் எழவில்லை. ஆட்டோவில் ஏற்றி ஆரணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வேலூர் வரைக்கும் போகவில்லை.

காரியமெல்லாம் முடிந்து தறிப்பக்கம் போனபோது பாவு முழுவதும் பிணைத்து முடிந்திருந்தது. சேவூரிலிருந்து, கூலிக்குப் பாவு பிணைக்கும் கமலத்தைக் கூப்பிட்டு மிச்சத்தை முடித்திருந்தார்கள். எங்கள் கை சந்திக்க வேண்டிய இடம் எது என்றுகூட அடையாளம் தெரியவில்லை.

அண்ணியின் வார்த்தை எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்டு அவர் எனக்குச் சொல்லாமல் போனது அது ஒன்றுதான். ஆரணியில் நான் படிக்காத பலகை இல்லை. மருந்துக்கடையில் நின்று அட்டைகளைப் படித்தேன். லாட்டரிக் கடைகளை மூடி, பலகைகளையும் கழற்றிவிட்டார்கள். அதுவாக இருக்காது, அதற்குத்தான் இல்லை என்று சொல்லிவிட்டாரே என்று சமாதானப்பட்டுக்கொண்டேன்.

பிறகு பிரௌசிங் சென்டர் வந்தது. எழுத்தைத் தட்டினால் வார்த்தை வரும் என்றார்கள். கடைக்காரர் ஜெயவேல் தட்டிக் காட்டினார். பக்கம் பக்கமாக வந்தது.

"இதுல உங்களுக்கு எது வேணுங்க?"

"அதுதாங்க தெரியல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அத்தனை வார்த்தையையும் படித்தேன். பாதியை அண்ணி கேள்விப்பட்டே இருக்க மாட்டார்.

அண்ணிக்குப் பிறகு என் எதிரே உட்காருவது கமலம்தான். போன வைகாசியில் அவளுக்குக் காய்ச்சல். பாவு பிணைக்க என் கணவர் உட்கார்ந்தார். அவருக்கு முட்டிவலி, கால் நீட்ட இடம் வேண்டும் என்று என் ஓரத்தை எடுத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் முதல் முறையாக நான் அண்ணியின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் வேர்வை கண்ணில் இறங்கியது. துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர் இப்போது எதிரே இருந்தது. சுவிட்ச் போர்டு, பக்கத்தில் ஃபேனுக்கான பழைய கறுப்புப் பெட்டி. தினமும் திருகுகிற பெட்டிதான். அதன் நெற்றியில் தேய்ந்த வெள்ளை எழுத்தில் ரெகுலேட்டர் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். மூன்றும் இருந்தன.

போடக்கூடாத ஃபேனைப் பார்த்துப் பார்த்து அண்ணி வேர்த்திருக்கிறார்.

"என்ன சிரிக்கிற?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. ரெகுலேட்டர்."

"ரிப்பேரா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்குது."

அவர் குனிந்து இழையை முறுக்கினார். நடுவில் கை சந்திக்கும்வரை நான் எதிரே பார்த்துக்கொண்டே இருந்தேன். அது சரியா என்று சொல்ல ஆள் இல்லை. தப்பாகவே இருக்கட்டும். "அது இல்ல" என்று ஒரு தடவை கேட்டால் போதும்.