ஒரு பல் தள்ளி

அந்தப் பல்சக்கரத்தில் இரண்டு குறிகள் இருக்கின்றன. ஒன்று, ஆணி முனையால் குத்தியதுபோல வட்டமான சிறு பள்ளம். வண்டியைச் செய்த சீமைத் தொழிற்சாலையிலேயே போட்டது. மற்றது அதற்கு அடுத்த பல்லின் அடியில், சாணைக்கல் விளிம்பால் தேய்த்து இழுத்த சாய்வான கோடு. அது என் மாமா போட்டது. போன ஆயுத பூஜையன்று மோட்டார் சைக்கிள் என்ஜினின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு அதன் எதிரே நான் குந்தியிருந்தேன். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு அத்தை நின்றிருந்தாள். எண்ணெயில் ஊறி இரண்டு குறிகளும் ஒரே கறுப்பாக இருந்தன. அத்தை குனிந்து அவற்றைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வழக்கம்போல எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் எதையும் வரிசை போட்டுப் பார்க்கிறவள். டிப்ளமோவில் இயந்திரவியல் படித்ததால் வந்த பழக்கம் என்று சொல்லிக்கொள்வேன். பல் விழுந்து முளைத்த வயதிலேயே அப்படித்தான் என்பாள் அம்மா. எது முதலில் நடந்தது, எதனால் எது, கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று பிரித்து வைத்தால் பெரும்பாலான விஷயங்கள் பிடிபட்டுவிடும். அத்தையும் மாமாவும் மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

எழுபதுகளின் நடுவில், நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா அந்த என்ஜினைப் பிரித்தார். பெரிய கோயிலின் பேகோபுரத்துக்கு அருகே எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் ஒரே முற்றம். அங்கே சாக்கை விரித்து, கழற்றியதையெல்லாம் கழற்றிய வரிசையிலேயே பரப்பினார். தாலுக்கா ஆபீஸில் கோப்பு அடுக்குகிறவர். கை அப்படிப் பழகியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டு, "கேஸ்கட் கிழிஞ்சுடுச்சு, வாங்கிட்டு வந்துடறேன்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவே வைக்கிற அட்டைதான் கேஸ்கட். கடைத்தெருவில் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். அவர் திரும்பி வரவில்லை. கிணறு, சொந்தக்காரர் வீடு, ஆஸ்பத்திரி என்று தேடி ஓய்ந்த பிறகு, அடி அண்ணாமலைக் குளத்தங்கரையில் சாமியார்களோடு தலையை மழித்துக் காவி கட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று பால்காரர் வந்து சொன்னார். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மாமா என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "சிரிச்சாரு" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் ஊரில் இது பெரிய அதிசயம் இல்லை. எங்கெங்கிருந்தோ வீட்டை விட்டுவிட்டு இந்த மலையைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்கும் பின்னால் ஒரு முற்றமும் பரப்பி வைத்த சாமான்களும் இருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. அத்தையால் வாய்விட்டு அழவும் முடியவில்லை. ஆறுதல் சொல்ல வந்த பெண்கள், "உங்க வீட்டுக்காரரு கொடுத்து வச்சவருங்க" என்றார்கள். அத்தை அவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "ஆமாமா, அவரு கொடுத்து வச்சவரு. சாமான அள்ளி வச்சவ நானு" என்றாள். தெருவில் எங்கள் முற்றத்துக்கு கேஸ்கட் வீடு என்றே பெயர் வந்துவிட்டது.

சாமான்களை அவள் உண்மையாகவே அள்ளி வைத்தாள். கல்யாணச் சீராக வந்த பித்தளைத் தாம்பாளங்களில் வைத்துத் துணி போட்டு மூடினாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எல்லாவற்றையும் எடுத்து, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வால்வு, ஸ்பிரிங், பிஸ்டன், வாஷர் எதுவும் விட்டுப்போகாது. பெயர் தெரியாத பாகங்களுக்கும் பொட்டு உண்டு. "இது எதுக்குடி?" என்று என்னைக் கேட்பாள். எனக்கும் அப்போது தெரியாது.

பௌர்ணமிதோறும் ஊரோடு சேர்ந்து அத்தையும் மலை சுற்றுவாள். குளத்தங்கரையில் மாமா வரிசையில் நிற்கிறவர்களுக்கு விபூதி கொடுப்பார். அத்தையும் வரிசையில் நின்று கை நீட்டுவாள். முன்னால் நின்றவருக்குக் கொடுத்ததைப் போலவே அவளுக்கும் ஒரு சிட்டிகை விழும். கையைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். அதை அத்தை அம்மாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். "என்னை நெஜமாவே தெரியலையா அண்ணி, இல்ல தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்காரா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு."

எண்பதுகளில் நான் படிப்பை முடித்து ஊருக்கு வந்தபோது இது ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. வேலூரில் தூரத்து உறவினர் நடத்திய பெண்கள் விடுதியில் வார்டன் வேலைக்கு அத்தையை வருஷாவருஷம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவேளை அவர் திரும்பி வந்து, வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வார் என்று அவளும் வருஷாவருஷம் மறுத்தாள். இனி கேட்கமாட்டோம், இந்தத் தடவையே சொல்லிவிடுங்கள் என்று அவர்கள் அந்த வருஷம் ஆள் அனுப்பியிருந்தார்கள். அன்று சாயங்காலம் அத்தை தாம்பாளங்களை முற்றத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"நீ என்ஜினுக்குத்தானே படிச்ச? இதை மாட்டு. ஓடணும்."

"ஓட்டி என்ன அத்தை பண்ணப் போறீங்க?"

"அடி அண்ணாமலை வழியா ஒரு நடை போகணும். மூஞ்சி மறந்துபோகும். குரல் மறந்துபோகும். இந்த வண்டிச் சத்தம் அவருக்கு மறக்காது, ராத்தூக்கத்துல கூட வாயால அடிச்சுக் காட்டுவாரு. தலை திரும்புதா இல்லையான்னு பாக்கணும்."

திரும்பினால் என்ன அர்த்தம், திரும்பாவிட்டால் என்ன அர்த்தம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வேலை என்று ஒன்று கையில் வந்துவிட்டால் கேள்விகளை ஒத்திவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு.

வேலை எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகத்தான் இருந்தது. வருஷம் தவறாமல் எண்ணெய் தடவியதால் எதிலும் துரு இல்லை. சந்தனமும் குங்குமமும்தான் பொருக்குப் பொருக்காக ஒட்டியிருந்தன. கடைசியில் வந்து நின்றது கேம் டைமிங். என்ஜின் மூச்சை இழுக்க ஒரு வால்வு, விட ஒரு வால்வு. அவற்றைத் திறந்து மூடுவது கேம். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது கேமின் பல்சக்கரத்தில் உள்ள குறியும், அதைச் சுழற்றும் சின்னச் சக்கரத்தின் குறியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனால் வால்வுகள் தப்பான நேரத்தில் திறக்கும். சின்னச் சக்கரத்தில் ஒரே குறிதான் இருந்தது. கேம் சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவியபோது குங்குமத்துக்கு அடியிலிருந்து இரண்டு குறிகள் வெளிவந்தன.

குறியில் சந்தேகம் வந்தால் வால்வைப் பார் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சைக்கிள் கம்பி ஒன்றை அந்தத் துளைக்குள் விட்டு பிஸ்டன் உச்சிக்கு வருவதைப் பிடித்தேன். ஜியோமிதிப் பெட்டிக் கோணமானியை அட்டையில் ஒட்டிச் சின்னச் சக்கரம் இருக்கிற தண்டில் மாட்டினேன். புகை வெளியேறி முடிந்து புதுக் காற்று நுழைகிற இடத்தில், வட்டக் குறிப்படி வைத்தால் இரண்டு வால்வுகளும் சமமாக, இலேசாகத் திறந்திருந்தன. கோட்டின்படி வைத்தால் அந்தச் சமம் இல்லை. ஆகவே வட்டம் சரி, கோடு தப்பு. கையில் எண்ணெயோடு உட்கார்ந்து, பிறகு ஏன் மாமா கோடு போட்டார் என்று யோசித்தேன். ஒருகாலத்தில் தப்பாக மாட்டி, அதுவே பழகிப்போய் அடையாளம் வைத்துக்கொண்டிருக்கலாம். இப்படி மாட்டாதே என்று தனக்குத்தானே எச்சரிக்கை போட்டிருக்கலாம். வேகத்தில் அப்படித்தான் நன்றாக ஓடுகிறது என்று நினைத்திருக்கலாம். ஒன்றையும் நிரூபிக்க வழியில்லை. வட்டக் குறிப்படி மாட்டினேன். பழைய கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையில் கேஸ்கட் வெட்டி, மூன்றாம் நாள் விடியற்காலையில் மூடியைப் பூட்டினேன்.

இரண்டாவது உதையிலேயே பிடித்துக்கொண்டது. அடுப்படியிலிருந்து அத்தை கையைத் துடைத்தபடி வந்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லாத்தான் ஓடுது," என்றாள். "ஆனா இது அவரு வண்டி இல்ல."

"அதே வண்டிதான் அத்தை. ஒரு நட்டு கூட மாத்தல."

"அப்ப ஏன் தும்மல? தெருமுனை திரும்பறப்போ மெதுவாக்குவாரு, ரெண்டு தும்மு தும்மும். அதைக் கேட்டுட்டுத்தான் நான் தோசைக்கல்லை அடுப்புல வைப்பேன். எத்தனை வருஷம் கேட்டிருக்கேன்!"

அப்போதுதான் அந்தக் கோடு எனக்கு உறைத்தது. கேம் ஒரு பல் பிந்தியிருந்தால் இழுத்த காற்றில் கொஞ்சம் வந்த வழியே திரும்பும். மெதுவாக ஓடும்போது, காற்றோடு பெட்ரோல் கலக்கிற கார்புரேட்டர் வழியாகத் தும்மும். மாமா அந்த வண்டியைத் தப்பான டைமிங்கிலேயே ஓட்டியிருக்கிறார். அவர் போட்டது எச்சரிக்கை இல்லை. ஆனால் தெரிந்து போட்டாரா தெரியாமல் போட்டாரா என்பது அப்படியே நின்றது. மூடியைத் திரும்பக் கழற்றினேன். சரியென்று அளந்து பார்த்து மாட்டியதை, தெரிந்தே ஒரு பல் தள்ளி மாட்டுவதற்கு என் கை தயங்கியது. வால்வு எதிலும் இடிக்கவில்லையே என்று மெல்ல மெல்லக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுப் பூட்டினேன். இந்தத் தடவை கால் வலிக்க உதைக்க வேண்டியிருந்தது. பிடித்ததும் முற்றத்திலேயே தும்மியது. அத்தை உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

நான் ஓட்டினேன். அத்தை பின்னால், இரண்டு காலும் இடப்பக்கம் தொங்க உட்கார்ந்தாள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் சீமை வண்டி ஓட்டுவது எங்கள் தெருவுக்குப் புதுசு. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல், "என்னாக்கா, கேஸ்கட் கெடச்சுடுச்சா?" என்றது.

"கெடச்சுதுபா. உன் பாய்லர் ஒழுவுதே, அதுக்கும் ஒண்ணு தரட்டுமா?"

பெஞ்சே சிரித்தது. தெருமுனையில் வண்டி இரண்டு தும்மு தும்மியது. பின்னாலிருந்து அத்தை என் தோளைப் பிடித்தாள்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி மலை சுற்றும் பாதையில் திரும்பினோம். பௌர்ணமி இல்லாத காலை. பாதை காலியாகக் கிடந்தது. குளம் தெரிந்ததும் அத்தை என் தோளை அழுத்தி, "மெதுவா போ. ஹார்ன் அடிக்காத. சத்தம் மட்டும் போதும்" என்றாள். இடப்பக்கம் கரையில் காவித் துணிகள் தெரிந்தன. வேகத்தைக் குறைத்தேன். சரியாக அந்த நேரம் வலப்பக்கத்திலிருந்து ஓர் ஆட்டு மந்தை பாதையில் இறங்கியது. பிரேக்கையும் கிளட்ச்சையும் ஆடுகளையும் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. ஆடுகளுக்கு நடுவே வண்டி தும்மியது. மறுபடியும் தும்மியது. அந்தப் பழைய வண்டியில் பக்கக் கண்ணாடியும் கிடையாது. மந்தை விலகி நான் நிமிர்ந்தபோது குளம் பின்னால் போய்விட்டிருந்தது.

"பாத்தாரா அத்தை?"

"நேரா பாத்து ஓட்டு."

வந்த வழியே திரும்பாமல் மலையைச் சுற்றிக்கொண்டே போனோம். ஈசானிய லிங்கம் தாண்டி ஊருக்குள் நுழையும்போதுதான் சொன்னாள்: "வீட்டுக்குப் போனதும் டைமிங்கைச் சரி பண்ணிடு."

அந்த மாதமே அத்தை வேலூருக்குப் போய்விட்டாள். அவள் போனதை வைத்து, மாமா திரும்பிப் பார்த்திருக்க மாட்டார் என்று அம்மா முடிவு கட்டினாள். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன், அந்தக் கணக்கு நிற்கவில்லை. தலை திரும்பவில்லை என்றால் அவர் மறந்துவிட்டார், அத்தை கிளம்பியிருப்பாள். திரும்பியது என்றால் இத்தனை வருஷமும் தெரிந்தே அந்த ஒரு சிட்டிகை விபூதியைப் போட்டிருக்கிறார்; அப்போதும் கிளம்பியிருப்பாள். இரண்டு வழியும் ஒரே வேலூர் பஸ்ஸில் போய் முடிகின்றன. பிறகும் சில தடவை சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறேன். "உன் படிப்புல இதுக்கெல்லாம் கணக்கு இருக்கா?" என்று சிரிக்கிறாள்.

நான் இப்போது பம்ப்செட் செய்கிற ஒரு பட்டறையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வண்டி எங்கள் முற்றத்திலேயே நிற்கிறது. முதல் உதையில் கிளம்புகிறது, தும்முவதில்லை. போன ஆயுத பூஜைக்கு வேலூரிலிருந்து வந்த அத்தை, வண்டிக்கு வெளியே பொட்டு வைத்து முடித்ததும், "அந்த மூடியையும் கழட்டு" என்றாள். கழற்றினேன். இரண்டு குறிகளையும் நெடுநேரம் பார்த்தாள்.

"இந்தக் கோடு எதுக்கு அத்தை? சக்கரத்தை வெளியே எடுத்துச் சாணையில ரெண்டு தேய் தேய்ச்சா போயிடும்."

"அது இருக்கறதால வண்டிக்கு ஏதாவது ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப இருக்கட்டும்."

குங்குமம் எண்ணெயில் கலக்கக் கூடாது என்றேன். ஊசி முனையளவு எடுத்து வட்டக் குறியில் மட்டும் வைத்தாள். கோட்டின் மேலிருந்த எண்ணெயை முந்தானை நுனியால் துடைத்தாள். அது பளிச்சென்று தெரிந்தது. பிறகு நான் வெட்டி வைத்திருந்த புது கேஸ்கட்டைத் தரையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மூடிடு."