அரை மணி நேரத்துக் கடல்

எண்பத்திரண்டாம் ஆண்டு பிறந்தபோது சிங்கப்பூர் தன் கடிகாரங்களையெல்லாம் அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளிக்கொண்டது. எங்கள் குழுவில் ஒரே ஒரு மனிதர் மட்டும் தள்ளவில்லை. அவர்தான் எங்களுக்காக நீரோட்டத்தை அளந்துகொண்டிருந்தவர். அந்த அரை மணி நேரத்துக்குள் அவருடைய மகனைக் கடலில் இறக்கினோம். இறக்கச் சொன்னவள் நான்.

அப்போது ஜூரோங் பக்கம் கடலைத் தூர்த்து நிலமாக்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். அலையும் நீரோட்டமும் எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போடுவது என் வேலை. அது சொல்வது உண்மைதானா என்று பார்க்க அங்கிள் படகில் போவார். எங்கள் எல்லோருக்கும் அவர் அங்கிள்தான். கால் மணிக்கு ஒருமுறை கருவியைத் தண்ணீரில் இறக்கி, ஓட்டத்தின் வேகத்தையும் திசையையும் நோட்டில் எழுதுவார். நேரத்தைத் தன் கைக்கடிகாரத்தில் பார்த்து எழுதுவார்.

அந்தக் கடிகாரத்தை நானே கிண்டல் செய்திருக்கிறேன். சிராங்கூன் சாலையில் அவர் வீட்டுக்கு அடுத்த சாப்பாட்டுக் கடையில், ஒரு சனிக்கிழமை.

“அங்கிள், நாடே மாறிடுச்சு. நீங்க மட்டும் எந்த நாட்டுல இருக்கீங்க?”

“வீட்டுக் கடிகாரத்த மாத்திட்டேன் லா. இது தண்ணிக்கு. கடல்கிட்டப் போயி யாரு மிஸ் சொன்னா, மாத்திக்கன்னு?”

சிரித்தேன். சிரித்ததோடு மறந்தும் போனேன். அந்தப் புத்திக்கு இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய அளவுகளையும் என் மாடலையும் ஒரே தாளில் வரைந்தேன். மேடும் பள்ளமும் அச்சு அசலாக ஒன்றே. ஆனால் அவருடைய கோடு என்னுடையதைவிட அரை மணி நேரம் முந்தி ஓடியது. எல்லா நாளும் அதே அரை மணி. கொஞ்சம் யோசிக்கிற எவருக்கும் பொறி தட்டியிருக்கும். எனக்கோ அறிக்கையை முடிக்கிற அவசரம். மேலாளர் ஒரு நாளைக்கு மூன்று தடவை மேசைக்கு வந்து நின்றார்.

கடலடி எவ்வளவு சொரசொரப்பு என்று சொல்ல மாடலில் ஓர் எண் உண்டு. அதைக் கூட்டினால் ஓட்டம் சீக்கிரம் திரும்பும். கூட்டினேன். இன்னும் கூட்டினேன். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. அந்த எண்ணுக்குக் கடலடி முழுக்கப் பாறையாக இருந்திருக்க வேண்டும். அங்கிள் அள்ளிவந்த கடலடி மண் என் மேசைமேல் ஒரு போத்தலில் இருந்தது. தோசைமாவு மாதிரிச் சேறு. அதைப் பார்த்துக்கொண்டேதான் அறிக்கையை அச்சுக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு, கரைச்சுவரின் அடிப்பாகத்தை மூழ்கிப் பார்க்க ஒரு டைவர் தேவைப்பட்டார். வந்தவர் அங்கிளின் மூத்த மகன். கல்யாணமாகி நான்கு மாதம். என் தாளின்படி அன்று காலை பத்து மணிவரை தண்ணீர் வெளியே, கப்பல் போகும் வழியை நோக்கி ஓடும். பத்துக்கு நின்று, பிறகு கரைப்பக்கம் திரும்பும்.

“கயிறு கட்டிக்கவா மிஸ்?” என்று அவர் கேட்டார்.

“வேணாம், கீழ இருக்கிற தூண்ல சிக்கும். கைய விட்டாலும் கரைக்குத்தான் வருவீங்க.” அவ்வளவு தெனாவட்டு எனக்கு.

பத்து ஐந்துக்கு எங்கள் படகிலிருந்து குதித்தார். மேலே கடல் அமைதியாகத்தான் இருந்தது. சுவரை நோக்கிப் போகவேண்டிய குமிழிகள் மெல்ல மெல்லப் படகின் மறுபக்கம் வரத் தொடங்கின. பிறகு அதையும் தாண்டி வெளியே போயின.

பின்பக்கம் கருவியைக் கழுவிக்கொண்டிருந்த அங்கிள், கையைத் துடைத்தபடி வந்தார். மகன் உட்கார்ந்திருந்த பலகை காலியாக இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒம்போது நாப்பதுதானே ஆவுது. தண்ணி பத்துக்குத்தானே நிக்கும்? அதுக்குள்ள ஏன் மிஸ் இறக்கினீங்க?”

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. அவருடைய பத்து, எங்களுக்குப் பத்தரை. கடல் இன்னும் வெளியேதான் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக இருந்த என் மாடலை நானே அவருடைய பத்துக்கு இழுத்து வைத்திருந்தேன்.

குமிழிகள் கண்ணில் படாமல் போயின. படகைத் திருப்பித் தேடினோம். எண்ணெய்க் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. அங்கிள் படகின் முனையில் நின்று, “அய்யா, அய்யா” என்று மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து ஓர் இழுவைப் படகு அவர் மகனைத் தூக்கியது. உயிர் இருந்தது. ஏதோ ஒரு படகின் விசிறி வெட்டியதில் வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது.

மறுவாரம் மேலாளர் அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே அங்கிள் பேசிவிட்டார்.

“என் வாட்சுதான் சார். நான்தான் பழைய நேரத்துல எழுதிட்டேன். மிஸ் மேல தப்பில்ல. அவங்க படிச்சவங்க, சரியாத்தான் போட்டிருப்பாங்க.”

மேலாளர் என் பக்கம் திரும்பினார். “அப்போ நோட்டுலதான் தப்பு. மாடல்ல ஒண்ணும் இல்ல. சரியா?”

அங்கிள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“ஆமா சார்” என்றேன்.