யாரும் சாகாத விளையாட்டு

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், மொட்டைத் தலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கடை எது என்று கேட்டால், என் அக்கா தமயந்தியின் டிவி கேம் கடையைக் கை காட்டுவார்கள். மலையில் முடி கொடுத்துவிட்டு வரும் பிள்ளைகள், தலையில் சந்தனம் காயக் காய, ஊர் பஸ் கிளம்பும்வரை அங்கேதான் கிடப்பார்கள். ஜாய்ஸ்டிக்கெல்லாம் சந்தனம். அக்கா ஈரத்துணியும் கையுமாக நின்று, "ஏய் மொட்டை, தலையைத் தடவின கையால பட்டனை அமுக்காதே" என்று அதட்டிக்கொண்டிருப்பாள்.

கிரைண்டர் வாங்க வைத்திருந்த பணத்தில் வந்த கடை அது. தொண்ணூற்றாறில் சீட்டு எடுத்த கையோடு அக்கா மெட்ராஸ் போனாள். மின்சார ரயிலிலிருந்து இறங்கியபோது கிரைண்டர் இல்லை; ஒரு டிவி கேம் மெஷினும் நாலு கேசட்டும் இருந்தன. அக்கா வீட்டுக்காரர் கங்காதரன், எனக்குப் பாவா, மலைக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மாவு அரைக்குமாடி?"

"துட்டு அரைக்கும். பாத்துகினே இரு."

அரைத்தது. வீட்டின் முன்னறை கடையாயிற்று. ஒரு டிவி மூன்றாயிற்று.

மறு வருடம் அரக்கோணத்தில், வெளிநாட்டு வேலை முடிந்து வந்த ஒருவர் வீட்டைக் காலி செய்தார். அவரிடமிருந்த பழைய கேசட்டுகளை அக்கா மொத்தமாக வாங்கி வந்தாள். அதில் ஒன்று மட்டும் தன் அட்டைப்பெட்டியோடு இருந்தது. மேலே பச்சை மலை, சிவப்பு ரயில், எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத ஜப்பான் எழுத்து. போட்டுப் பார்த்தால் ரயில் ஓட்ட வேண்டும். நிலையத்தில் கோட்டுக்கு நேராக நிறுத்த வேண்டும். ஜனங்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். அவ்வளவுதான்.

"இதுல யாரும் சாவ மாட்டாங்களாக்கா?" என்று கேட்டான் ஒரு பையன்.

"சாவ மாட்டாங்க. ஊருக்குப் போவாங்க."

"அப்போ வேணாங்க்கா. சண்டை கேசட் போடு."

பத்து வருடம் எந்தப் பிள்ளையும் அதைக் கேட்கவில்லை. சண்டைக் கேசட்டுகள் உழைத்து உழைத்துத் தேய்ந்தன. படம் வராதபோதெல்லாம் வாயால் ஊதி ஊதியே எச்சில் பட்டுக் கறுத்தன. ரயில் கேசட் மட்டும் வந்த அன்றுபோலவே இருந்தது. மதியத்தில், கடை காலியாக இருக்கும்போது, அக்கா அதை ஓட்டுவாள். கடைசி நிலையத்தில் ரயிலைச் சரியாக நிறுத்தினால் திரை முழுக்கப் பனி கொட்டும். வெளியே திருத்தணி வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்கும். அக்கா முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொள்வாள். அந்த நேரத்தில் அவளிடம் பேச எனக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டாயிரத்து ஏழில் கூட்டம் வற்றிவிட்டது. பையன்கள் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்விட்டார்கள். பாவா தீர்மானமாகச் சொன்னார்: "ஆடிக் கிருத்திகைக்குள்ள இதைக் காலி பண்ணு, தமா. தேங்காய்க் கடை போடலாம். மலைக்கு வர்ற ஜனம் தேங்காய் வாங்குமா, கேம் ஆடுமா?"

"நான் தேங்கா உரிச்சிகினு உக்கார மாட்டேன்."

"அப்போ புது மெஷின் வாங்கிப் போடு. துட்டு வெச்சிருக்கியா?"

அக்கா கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள். கிருத்திகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அப்போதுதான் ஷ்யாம் வந்தான்.

மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை. மகனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தி, மனைவியை மாமியாரோடு ஹோட்டலில் உட்கார வைத்துவிட்டு, பிள்ளையை மட்டும் இட்டுக்கொண்டு வந்திருந்தான். நான் மூலை ஸ்டூலில் ஒரு கவிதைப் புத்தகத்தோடு இருந்தேன். அக்கா ஓட்டிக்கொண்டிருந்த ரயிலை அணைத்து, கேசட்டை எடுத்து டிவி மேல் வைத்து, பையனுக்குக் கார் ரேஸ் போட்டாள்.

ஷ்யாமின் கண் டிவி மேல் போயிற்று. அப்புறம் எங்குமே போகவில்லை. குடித்துக்கொண்டிருந்த டீ அவன் சட்டையில் சிந்தியது. அது அவனுக்குத் தெரியவில்லை. "ஒரு நிமிஷம்" என்று வெளியே போனான். என் ஸ்டூலுக்குப் பின்னால்தான் ஜன்னல். செல்போனில் கிசுகிசுத்தான்: "மச்சி, கிடைச்சிடுச்சுடா! சத்தியமாடா! திருத்தணில, டிவி மேல கிடக்குதுடா!"

திரும்பி வந்தபோது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் பழைய கேசட்டைத் தர்றீங்களாக்கா? பையன் கேக்கிறான். ஐந்நூறு ரூபா தர்றேன்."

பையன் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். எதையும் கேட்கவில்லை.

நான் அந்நியர் முன் வாய் திறக்கிறவன் இல்லை. ஆனாலும் எழுந்துபோய் அக்கா காதோரம் சொன்னேன்: "அவசரப்படாதேக்கா. வெளிய போய்க் குதிச்சிட்டு வந்திருக்கான்."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, பத்து வருஷமா நாய் கூட மோந்து பாக்காத கேசட்டுக்கு ஐந்நூறு குடுக்கிறீங்கன்னா, நீங்க பைத்தியமா இருக்கணும், இல்ல நான் பைத்தியம்னு நெனைக்கணும். இன்னா விஷயம்?"

ஷ்யாம் கெட்டவன் இல்லை. ஒரு நொடி தரையைப் பார்த்தான். பிறகு கொட்டிவிட்டான்.

"மன்னிச்சிருங்கக்கா. இது ரொம்ப அபூர்வம். அப்பவே கம்பெனிக்காரன் கொஞ்சம்தான் போட்டான். அதுவும் விக்கல. திரும்பி வந்ததையெல்லாம் ஒடச்சு, உள்ள இருக்கிற சிப்பை எடுத்து, ஓடுற கேமுக்குப் போட்டுட்டான்னு சொல்றாங்க. மிச்சம் மீதியைப் பசங்க தொலைச்சாங்க. சண்டை கேம் லட்சக்கணக்குல கிடைக்கும். இதைத் தேடி நாலு வருஷமா அலையறேன்."

"அப்போ அன்னிக்கு யாரும் வேணாம்னதாலதான் இன்னிக்கு வேணுங்கிறீங்களா?"

"ஆமாக்கா. அன்னிக்கு வேணும்னவங்ககிட்ட காசு இல்ல. பன்னெண்டு வயசு. இப்ப சம்பளம் வாங்கறோம்."

எனக்கு அது உடனே புரிந்தது. முந்நூறு பிரதி அச்சடித்து, விற்காமல் எடைக்குப் போன ஒரு கவிதைத் தொகுப்புக்காக மூர்மார்க்கெட்டில் தூசி தின்றவன் நான்.

அதற்குள் பாவா ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தோள் துண்டை எடுத்து ஸ்டூலைத் துடைத்தார். "உக்காருங்க சார்."

"ஓடுதான்னு மட்டும் பாத்துடறேன்" என்று ஷ்யாம் கேசட்டை இரண்டு கையாலும், பிரசாதம்போல வாங்கிச் செருகினான். பொத்தானை அமுக்கினான். திரை வெளிறி நின்றது. மறுபடியும் அமுக்கினான். வெறும் புள்ளிகள்.

"இப்பத்தானே ஓடிச்சு!" பாவா டிவியின் தலையில் தட்டினார்.

"நகருங்க" என்றாள் அக்கா. உள்ளே போய், பூஜை அலமாரியிலிருந்து மலை விபூதியை எடுத்து வந்தாள். துணியில் ஒரு சிட்டிகை தொட்டுக் கேசட்டின் அடியிலிருக்கும் உலோகப் பல்வரிசையைத் தேய்க்கப் போனாள். "பித்தளை விளக்கையே இதாலதான் பளபளன்னு ஆக்கறோம்..."

"ஐயோ!" என்று ஷ்யாம் அலறினான்.

"பயப்படாதீங்க, தேயாது."

"அதில்லக்கா! பெட்டி! கையில இருக்கிற பெட்டி!"

விபூதி இருந்தது அந்த ரயில் படம் போட்ட அட்டைப்பெட்டியில். மூடி கெட்டியாக இருக்கிறதென்று, வாங்கிய வருடமே அக்கா அதைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். சாமி பொருளாகிவிட்டதால் பத்து வருடமாக அதை யாரும் கிழிக்கவில்லை, மிதிக்கவில்லை, எடைக்குப் போடவில்லை.

"எல்லாரும் பிரிச்ச கையோட தூக்கிப் போடறது பெட்டியைத்தான். கேசட்டை விட அதுதான் கிடைக்காது" என்றான் ஷ்யாம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா நிதானமாகத் தேய்த்தாள். செருகினாள். அமுக்கினாள். பச்சை மலை வந்தது. சிவப்பு ரயில் கூவியது. கடையில் இருந்த நாலு பேரும் கத்தினோம். எதற்கென்று தெரியாமலே மொட்டைப் பையனும் கத்தினான்.

ஷ்யாம் புதிதாக ஒரு தொகை சொன்னான். பாவா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "டேய், அது பாதி ஆட்டோடா!"

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எடுத்துகினு போயி ஓட்டுவீங்களா?"

"ஓட்டறதா? கண்ணாடி அலமாரில வெச்சுப் பூட்டிடுவேங்க்கா. தொட்டா மதிப்பு போயிடும்."

அக்கா கேசட்டை உருவி, மடியில் வைத்து மூடிக்கொண்டாள். "அப்போ தர மாட்டேன்."

"தமா!" என்றார் பாவா.

"சும்மா இருய்யா. இத்தனை வருஷமா நான் ஒருத்திதான் இதை ஓட்டிகினு இருக்கேன். பூட்டி வெக்கவா குடுக்கிறது?" ஷ்யாம் பக்கம் திரும்பினாள். "துட்டா வேணாம். டிஸ்க் போடற புது மெஷின் ரெண்டு, கிருத்திகைக்குள்ள இங்க வரணும். நீ கடைசி ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டிப் பனி கொட்றதைப் பாக்கணும். அப்புறம் எங்கனா பூட்டிக்கோ. மலையைப் பாத்துச் சொல்லு."

வாசலுக்கு வந்தால் மலை தெரியும். ஷ்யாம் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தான். பெட்டியிலிருந்த விபூதியைக் கொட்ட மனமில்லாமல், பாதியைத் தன் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு, மீதியை அக்காவின் கிண்ணத்தில் போட்டுவிட்டு, பெட்டியும் கேசட்டுமாகக் கிளம்பினான்.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் மெஷின்கள் வந்தன. காவடிக் கூட்டத்தில் தெருவே தெரியாத அன்று, எங்கள் வாசலில் பாவா தேங்காய் விற்றார். உள்ளே அக்கா கேம் போட்டாள். மொட்டைகள் சாலைவரை வரிசையில் நின்றன. அக்காவுக்குச் சாப்பிட நேரமில்லை. முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் பனி கொட்டும்போதுதான் பார்த்திருக்கிறேன்.

அந்த நெரிசலில் போன் அடித்தது. ஷ்யாம்.

"அக்கா, மூணாவது ஸ்டேஷனைத் தாண்ட முடியலக்கா! குகைக்குள்ள போனதும் ரயில் கோட்டைத் தாண்டிடுது. நாலு நாளா தூங்கல. ஆபீஸுக்கு லீவு போட்டுட்டேன். எப்படிக்கா நிறுத்தறது?"

அக்கா போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டே ஒரு மொட்டையின் சந்தனக் கையைத் துடைத்தாள்.

"அதெல்லாம் போன்ல சொல்ல வராதுப்பா. கேசட்டை எடுத்துகினு வா. பழைய மெஷின் ஒண்ணு உனக்குன்னு வெக்கிறேன்." சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மணிக்கு இருவது ரூபா. வரிசைல நிக்கணும்."