லிஃப்ட் அக்காவின் அரைகுறைப் பாஷை

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் லிஃப்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்கள்கூட. ஏழு மாடிக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவது அவள் வேலை. எந்த வார்டில் யார், யாருக்கு என்ன நோவு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் கடல் கடந்து போய் ஒரு வீட்டில் வேலை பார்த்தவள். அந்த ஊர்ப் பாஷையைப் பற்றி யாராவது கேட்டால், "எனக்கென்ன தெரியும்? வா, போ, கழுவு, துடை. அவ்வளவுதான்" என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

அன்று காலை பதினோரு மணிக்கு மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபோது நடை முழுக்கப் போலீஸ். குழந்தைகள் வார்டின் கோடி அறையில் ஒரு கட்டட வேலைக்காரன், லிஃப்ட் அக்கா முன்பு வேலை பார்த்த அதே நாட்டு ஆள், தன் ஆறு வயது மகளோடு உள்ளே தாழ் போட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைக்குக் குடல்வால் வீங்கி, உடைகிற பக்குவத்தில் இருந்தது. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போக வந்த நர்ஸுகளை வெளியே விரட்டிவிட்டு, கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தான். கையில் கத்தரிக்கோல்.

இந்த மாதிரி நேரத்தில் பேசுவதற்கென்றே பயிற்சி எடுத்த இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்திருந்தார். நிதானமான மனிதர். போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். போனிலிருந்து வந்த ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உள்ளேயிருந்து அலறல்தான் பதிலாக வந்தது.

லிஃப்ட் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"சார், அவர் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி வாசிக்கிறாரு. உள்ள இருக்கிறவன் இன்னும் மிரள்றான்."

"உங்களுக்கு அந்த பாஷை தெரியுமாம்மா?"

இந்தத் தடவை மழுப்ப வாய் வரவில்லை. "அரைகுறையா, சார்."

ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். "அரை மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல என்னால எதுவும் சொல்ல முடியாது."

லிஃப்ட் அக்கா கதவருகே போய், "திற" என்றாள். அவள் வாயிலிருந்து வந்தது முன்பு அவளை வேலை வாங்கிய வீட்டு எஜமானியின் குரல். உள்ளேயிருந்து ஏதோ பறந்து வந்து கதவில் மோதி உடைந்தது.

அவளுக்கு முகம் செத்துவிட்டது. "பெரியவங்ககிட்ட தன்மையா கேக்கிற பேச்சு எனக்கு வராது சார். என்கிட்ட யாரும் அப்படிப் பேசினதில்லை. அதட்டத்தான் வருது."

இன்ஸ்பெக்டர் கோபிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "அந்த வீட்ல வேற யார்கிட்டயாவது பேசியிருக்கீங்களா?"

"பாப்பாகிட்ட. பிறந்ததுலேர்ந்து நான்தான் வளர்த்தேன்."

"அப்போ உள்ள இருக்கிற பாப்பாகிட்ட பேசுங்க."

அவள் தரையில் உட்கார்ந்து, கதவடி இடுக்கில் வாயை வைத்தாள். அந்த ஊரில் கண்ணே, செல்லமே என்பதற்கு இருந்த சொல்லெல்லாம் தானாக வந்தன. வயிறு வலிக்குதா என்று கேட்டாள். இன்னொரு தடவையும் கேட்டாள். பிறகு மெல்லிய ஒரு "ம்".

எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, "அப்பா அழறாரு" என்றது குழந்தை.

கொஞ்ச நேரத்தில் அப்பாவே கதவுக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். அவன் சொன்னதை அவள் அப்படியே இன்ஸ்பெக்டரிடம் திருப்பிச் சொன்னாள். "ஏதோ காகிதத்துல கையெழுத்து வாங்கினாங்களாம். என்ன எழுதியிருக்குன்னு தெரியாதாம். பிள்ளையை எடுத்துட்டுப் போறோம்னு சொன்னாங்களாம், திருப்பிக் கொண்டு வருவோம்னு ஒருத்தரும் சொல்லலையாம்."

டாக்டரம்மா கதவருகே வந்தாள். "மயக்கம் வர்ற வரைக்கும் அவரும் கூட இருக்கட்டும். கையைப் பிடிச்சுக்கட்டும்."

"வெளிய வந்ததும் அவனைப் பிடிச்சுட்டுப் போயிடுவீங்களா சார்? பொய் சொல்லி என்னால கூப்பிட முடியாது."

"யாருக்கும் காயமில்லை. கத்தரிக்கோலைக் குடுத்துட்டா கேஸ் போட மாட்டேன். நான் பொறுப்பு."

அதை அவள் தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் சொன்னாள். பாப்பா தூங்குவா. டாக்டர் அத்தை வயித்துல இருக்கிற பூச்சாண்டியை எடுத்துடுவாங்க. பாப்பா எழுந்துப்பா. அப்பா பக்கத்துலயே இருப்பாரு. கத்தி, கத்தரியெல்லாம் கெட்டது, அத்தைகிட்ட குடுத்துடணும்.

உள்ளே அழுகைக்கு நடுவில் ஒரு செருமல் கேட்டது. சிரிப்பேதான். "எனக்கு நாப்பது வயசாகுது" என்றான் அவன்.

கதவடியில் கத்தரிக்கோல் வெளியே நகர்ந்து வந்தது. கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டதும் நடையில் நின்ற அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள்.

பிள்ளையையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டர் இருந்த ஐந்தாம் மாடிக்கு லிஃப்டை எங்கேயும் நிறுத்தாமல் கொண்டுபோனாள். ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து ஏதோ சொன்னாள். அவன் டாக்டரம்மாவை விட்டுவிட்டு லிஃப்ட் அக்காவின் முகத்தையே பார்த்தான்.

"எழுந்துட்டா. அப்பா எங்கேன்னு கேக்கிறா" என்று அவன் பாஷையில் சொன்னாள்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகில் வேர்வை ஆறுவது இதமாக இருந்தது.

கீழே போனபோது லிஃப்டுக்காகக் காத்திருந்த கூட்டம் அவளைப் பிடித்துக் காய்ச்சியது. எங்கே போய்த் தொலைந்தாய் என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், யார் யாருக்கு எந்த மாடி என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.