நம்பர் போட்ட புங்க மரங்கள்

போன மாதம் என் தங்கை மகளைச் சேர்ப்பதற்காகப் பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறு வருஷம் அங்கே இயற்பியல் வாத்தியாராக இருந்து அவர்கள் உப்பைத் தின்றிருக்கிறேன்.

வெளியே தார் இளகுகிற வெயில். அலுவலகத்துக்குள் நுழைந்தால் பல் கிட்டித்தது. ஃபீஸ் வாங்குகிற அம்மா காதைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, ஒரு ரசீதுக்கு ஒரு தும்மல் போட்டுக்கொண்டிருந்தார். ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாமே என்றேன். ரிமோட் மேனேஜர் ரூமில் இருக்கிறது, மேனேஜர் திருச்சிக்குப் போயிருக்கிறார், ரூமின் சாவியும் அவரோடு போயிருக்கிறது என்றார். சொல்லிவிட்டு மறுபடி தும்மினார். அந்த ஏசிக்கு நேர் கீழே, சுவிட்ச் போர்டுக்கு மேல், ஓரம் கிழிந்து பழுப்பேறிய ஒரு ஸ்டிக்கர். கண்ணும் வாயும் வைத்த குண்டு பல்பு ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு, 'போகும்போது என்னை நிறுத்திவிட்டுப் போங்கள்' என்கிறது.

அந்த வாசகத்தை எழுதியவன் நான்தான். பல்புக்குப் பல் வேண்டாமென்று அப்போதே சொன்னேன், அச்சகத்துக்காரர் கேட்கவில்லை.

நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. கதவிடுக்கு வழியாக டீசல் புகை வந்து மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு டீசல் வாசனை லாரியையோ பஸ்ஸையோ ஞாபகப்படுத்தும். எனக்கு எரிசக்தி சேமிப்பு மன்றத்தின் தொடக்க விழா ஞாபகம் வந்தது.

ஊரெல்லாம் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலம் அது. கரண்ட்டைச் சேமிக்க ஒரு மன்றம் வைக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கரண்ட் இயற்பியலில்தானே வருகிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதல்வர் என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார். விழா அன்று கருத்தரங்கக் கூடத்தில் ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்து மூடினார்கள், திரையில் படம் தெரியவேண்டுமே. மூடியதும் இருட்டாகிவிட்டதென்று எல்லா டியூப் லைட்டையும் போட்டார்கள். லைட் போட்டதும் படம் தெரியவில்லை. சிறப்பு விருந்தினர் எழுந்து டீசலை நாம் எப்படியெல்லாம் வீணடிக்கிறோம் என்று ஆரம்பித்த நேரத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. அதன் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தியே மனிதர் பேசி முடித்தார். எல்லாரும் கை தட்டினோம்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலை, வகுப்பு முடிந்த அறைகளில் ஓடுகிற ஃபேனை நிறுத்துவது. சொல்வதற்குச் சுலபம். ஒரு போர்டில் எட்டு சுவிட்ச். எது எந்த ஃபேனுக்கு என்று வயர் இழுத்தவனுக்கே தெரியாது. ஒரு ஃபேனை நிறுத்த எட்டையும் தட்டிப் பார்ப்பேன். நின்றிருந்ததும் ஓட ஆரம்பிக்கும். பையன்கள் எனக்குச் 'சுவிட்ச் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையைக்கூட அந்தப் பெயர் எழுதி நீட்டினான் ஒருவன்.

தொடக்க விழாப் புகை தாங்காமல் அன்று நான் ஓடிப்போய் நின்ற இடம் பழைய பிளாக்கின் மேற்குப் பக்கம். மாடியில்லாத, ஐந்து வகுப்பறை கொண்ட நீளக் கட்டடம். அதன் ஓரமாக வரிசையாகப் பதினோரு புங்க மரங்கள். அங்கே வந்தால் வெயில் வேறு ஊரில் அடிப்பது மாதிரி இருக்கும். பூ கொட்டுகிற காலத்தில் தரையில் பொரி இறைத்தது போலக் கிடக்கும். அதைக் கூட்டிக்கொண்டிருந்தவர்தான் பச்சையம்மா அக்கா.

கல்லூரி தொடங்கிய வருஷத்திலிருந்து தோட்ட வேலை பார்த்தவர். வேப்பந்தட்டைப் பக்கம் ஊர், காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். அந்தப் பதினோரு மரமும் அவர் கன்றாக நட்டவை. போர் தண்ணீரைச் செடிக்கு விடக்கூடாது என்று நிர்வாகம் சொன்னபோது, மெஸ்ஸில் பிள்ளைகள் கை கழுவுகிற தண்ணீர் வெளியே வந்து விழுகிற இடத்திலிருந்து மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் இழுத்து, மரத்தடிக்குக் கொண்டு போயிருக்கிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் பாராட்டவுமில்லை. எங்கள் மன்றத்தில் அவர் பெயர் கிடையாது. இன்றைக்கு யோசித்தால் அந்த வளாகத்தில் நிஜமாகவே எதையாவது சேமித்த ஒரே ஆள் அவர்தான். நான் சேமித்தேனா என்று கேட்காதீர்கள், கோபம் வரும்.

மரத்தின் அருமையைக் காகிதத்தில் காட்டினால் நிர்வாகம் மதிக்குமென்று எனக்கொரு நினைப்பு. நிழல் விழுகிற அறைகளில் மத்தியானம் ஃபேனே இல்லாமல் பாடம் நடத்தலாம். மரமில்லாத கடைசி அறையில் மூன்று ஃபேன் ஓடினாலும் வெந்துபோகும். லேபிலிருந்து தெர்மாமீட்டர்களை எடுத்து அறைக்கொன்றாகத் தொங்கவிட்டோம். மொட்டை மாடியில் ஏறி, எந்த மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, அதை வரைபடமாக வரைந்தோம். மாணவர்கள் குறிப்பில் 'கேட்டிலிருந்து நாலாவது மரம்' என்று ஒருவரும், 'மெஸ்ஸிலிருந்து நாலாவது' என்று இன்னொருவரும் எழுதிக் குழப்பவே, மரத்துக்கு நம்பர் போட்டுவிடலாம் என்று தோன்றியது. எனக்குத்தான் தோன்றியது, வேறு யார்மீதும் பழி போட வழியில்லை. வெள்ளை ஆயில் பெயிண்டில் ஒன்றிலிருந்து பதினொன்று வரை நெஞ்சுயரத்தில் எழுதினோம்.

பச்சையம்மா அக்கா துடைப்பத்தோடு வந்து நின்று பார்த்தார்.

"எதுக்கு சார் நம்பரு?"

"ரேஷன் கார்டு மாதிரின்னு வச்சுக்குங்க அக்கா. பதிவாயிருச்சுன்னா இனிமே யாரும் தொட முடியாது."

அவர் முகம் தெளியவில்லை. "எங்க ஊருக்குப் போற ரோட்டுல புளியமரத்துக்கெல்லாம் இப்படித்தான் நம்பர் போட்டாங்க. இப்ப ஒண்ணாச்சும் நிக்கிதா? அழிச்சுருங்க சார்."

நான் சிரித்தேன். அது ரோட்டை அகலப்படுத்த, இது ஆராய்ச்சி, இரண்டும் வேறு என்று விளக்கினேன். படித்தவன் விளக்கினால் மறுபேச்சு பேசக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கூட்டப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

ஆறு மாதத்தில், பழைய பிளாக் மாடியில் அரசு மானியத்தோடு சோலார் பேனல் வைக்கும் திட்டம் வந்தது. சென்னையிலிருந்து வந்த இன்ஜினியரிடம் முதல்வர் பெருமையாக எங்கள் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக நிழல் கணக்கு யாரும் எடுத்துக் கொடுத்ததில்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு ஜெராக்ஸ் கேட்டார். நான் இரண்டு கொடுத்தேன், ஒன்று ஃபைலுக்கு.

மறு வாரம் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு பட்டியல். மரம் எண் 1 முதல் 11 வரை அப்புறப்படுத்தவும். மாலை நேரத்தில் பேனல்மீது நிழல் விழுமாம். அதை நாங்களே படம் போட்டு நிரூபித்திருக்கிறோமாம். ஹாஸ்டல் மாடியில் வைக்கலாமே, அங்கே சுற்றி ஒரு செடிகூட இல்லை என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"ஹாஸ்டல் உள்ள இருக்கு. பழைய பிளாக்னா ரோட்டுல போறவனுக்குத் தெரியும். இன்ஸ்பெக்ஷன் கமிட்டி கார்ல வரும்போதே பாக்கணும்ல?" என்றார் தாளாளர். கிளையை மட்டும் கழித்துவிடலாமா என்றேன். "மரம் திரும்ப வளரும் சார். மானியம் திரும்ப வராது."

மன்றத்தின் பரிந்துரைப்படி என்று கீழே டைப் செய்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். வேலை நிரந்தரமாகாத காலம், அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது என்றெல்லாம் பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதைச் சொன்னாலும் கையெழுத்து என்னுடையதுதான்.

அக்காவிடம் சொல்லத் தைரியம் இல்லை. கேண்டீனுக்குப் போக மரங்களுக்கு அடியில் நடந்தால் நூறு அடிதான். மூன்று நாள் மெஸ்ஸைச் சுற்றி, சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றி, வெயிலில் வேர்த்து விறுவிறுத்துப் போய் டீ குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அறுத்தார்கள். அப்போது நான் குடியிருந்த அரியலூரிலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது வரிசையில் பாதி தரையில் கிடந்தது. மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. மெஸ் பக்கக் கடைசி மரத்தடியில் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு செங்கல் துண்டு. விரலெல்லாம் சிவப்பாக இருந்தது, செங்கல் தூளா ரத்தமா என்று நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. மரத்தில் நம்பர் இருந்த இடம் பட்டையோடு தேய்ந்து பச்சையாகத் தெரிந்தது.

"பெயிண்ட் போவ மாட்டேங்குது சார்," என்றார். "ஒண்ணுக்குத்தான் நேரம் இருந்துச்சு."

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மத்தியானத்துக்கு மேல் மேஸ்திரி பட்டியலோடு வந்தார். பத்து முடிந்தது, பதினொன்றாம் நம்பர் எங்கே என்று கேட்டார். அது போன மழையிலேயே விழுந்துவிட்டது என்றேன். அப்படியானால் இந்த மரம் என்று கையைக் காட்டினார். இது பட்டியலில் இல்லை என்றேன். அவர் தாளைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். தாள் ஜெயித்தது. பதினொன்றை அடித்துவிட்டுப் போய்விட்டார். மன்றத்துக்காக நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்தப் பொய்தான்.

அடுத்த வருஷம் பசுமை வளாகம் என்று கேடயம் கொடுத்தார்கள். புகைப்படத்தில் அதன் ஒரு மூலையை நான் பிடித்திருக்கிறேன். பழைய பிளாக்கில் மத்தியான வகுப்புகள் அடுப்பாகிவிட்டன. முதலில் கூடுதல் ஃபேன் போட்டார்கள், அப்புறம் ஜன்னலை அடைத்து ஏசி போட்டார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற தூசி பேனல்மேல் மாவு சலித்தாற்போலப் படிந்தது. மாடிக்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாததால் கழுவ யாரும் ஏறவில்லை. தோட்ட வேலையைக் காண்ட்ராக்டில் விட்டபோது அக்காவை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

சில வருஷம் கழித்து, நானும் அரசு வேலைக்கு மாறிவிட்ட பிறகு, ஒருநாள் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். பிள்ளைகுட்டி நலம் விசாரித்தார். இறங்கும்போது கேட்டார்.

"மரம் நல்லாருக்கா சார்?"

நல்லாருக்கு என்றேன். அப்போது இருந்தது.

போன மாதம், ரசீது வாங்கியதும் தங்கை மகளை அலுவலகத்தில் உட்காரவைத்துவிட்டு நேரே அங்கே போனேன். மெஸ் பக்கம் அடையாளமே தெரியவில்லை. சிமெண்ட் தளம் போட்டு, பேட்டரிக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் இடம் என்று பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தது. கார் ஒன்றும் நிற்கவில்லை. மேலே புதுத் தகரக் கூரை. அது எதற்கு என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"நிழலுக்கு சார். இங்க ஒரு புங்க மரம் எடைஞ்சலா நின்னுச்சு, அதை எடுத்துட்டுத்தான் போட்டாங்க."

தகரத்துக்கு அடியில் நின்று பார்த்தேன். தலை கொதித்தது. மெஸ்ஸிலிருந்து வந்த வாய்க்காலைத் தேடினேன், தளத்துக்கு அடியில் போயிருக்கவேண்டும்.

திரும்பும்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டம். எங்கள் பஸ் நிற்கிற இடத்துக்குப் போக, வேப்பந்தட்டை பஸ் நிற்கிற வரிசையைத் தாண்டித்தான் போகவேண்டும். கூடையோடு யார் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் தங்கை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைகளுக்குப் பின்பக்கமாகத் திரும்பினேன்.

"ஏன் மாமா வெயில்ல சுத்திப் போறோம்?" என்றாள்.

இந்தப் பக்கம் நிழல் இருக்கும் என்று சொல்லி அழைத்துப் போனேன். இல்லை.